இன்னாசி டெய்லரின் ஊதாத் துணி

செருப்பை வெளியே கழற்றிச் சுவரோரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக இன்னாசி டெய்லர் கோயிலுக்குள் நுழைகிறார். தீர்த்தத் தொட்டியில் விரல் நனைத்து ஒரு சிலுவை அடையாளம். பிறகு பீடத்தைப் பார்த்து வலது முழங்கால் தரையில் முட்டும்வரை ஒரு வணக்கம். நாமெல்லாம் கொசு கடித்த இடத்தைச் சொறிகிற மாதிரி லேசாகக் குனிந்து எழுந்துவிடுவோம். அவருக்கு அந்தக் கதையே கிடையாது. முட்டி தரையைத் தொடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். திரும்பிப் பார்க்காமலே, "இன்னாசி வந்தாச்சு" என்று முன் பெஞ்சில் யாராவது முணுமுணுப்பார்கள்.

ஆண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு, நடைபாதை ஓரம். அதுதான் அவர் இடம். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று எங்கள் சூசையப்பர் கோயிலில் இப்போது எதுவும் கிடையாது. கணவன், மனைவி, பிள்ளைகள், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே பெஞ்சில்தான். இன்னாசியின் கணக்கில் மட்டும் அது இன்னும் உண்டு. அந்த ஓரத்து இடத்திலிருந்து அவர் உள்ளே நகர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. தாமதமாக வருகிறவர்கள் அவருடைய முழங்காலைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒருமுறை பட்டுப்புடவையும் பெரிய கைப்பையுமாக வந்த ஓர் அம்மாள், "கொஞ்சம் நவுந்து உக்காருங்களேன்" என்று கேட்டுப் பார்த்தார். இன்னாசி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினார்.

சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு சதுரத் துணி எப்போதும் இருக்கும். யாரோ ஒரு வாடிக்கையாளரின் பேண்ட்டில் மிஞ்சியது. அதைத் தரையில் விரித்து அதன்மேல் மண்டியிடுவார். பூசையில் சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்கப் போகும்போதும் அந்தத் துணி கூடவே போகும். மற்றவர்கள் வரிசையில் நின்றபடி கையை நீட்டி வாங்கிக்கொண்டு நகர்ந்துகொண்டே இருக்க, இன்னாசி துணியை விரித்து, மண்டியிட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டுவார். பின்னால் வருகிறவர் அவர் முதுகில் இடித்து நிற்பார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அடையாறு சிக்னல் மாதிரி வரிசை தேங்கும். ஏன் ஐயா இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "அவுசரக்காரங்கோ முன்னால போவட்டும் நைனா. ஆண்டவர நின்னுக்கினு வாங்குறதுக்கு அது இன்னா பஸ் டிக்கெட்டா?" என்றார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோஷ்டி கிடையாது. ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்கிற பூசைக்குப் போகிற ஆள் நான். அதனால்தான் கோயிலில் இருக்கிற இரண்டு தரப்பும் என்னிடம் பேசுகிறது.

கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இன்னாசியின் கடை. இரண்டு தையல் மிஷின், எதிரெதிராக. ஒன்றில் இன்னாசி, இன்னொன்றில் அவர் மனைவி மோட்சராக்கினி. அவ்வளவு நீளப் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை, ராக்கினி அக்கா. சாமியார்களின் வெள்ளை அங்கி, பள்ளிக்கூடச் சீருடை, புதுநன்மை வாங்கும் பெண்பிள்ளைகளின் கவுன், இதுதான் தொழில். வெட்டுவதும் தைப்பதும் அவர். காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, வந்தவர்களிடம் பேச்சுக் கொடுப்பது அந்த அம்மாள். எங்கள் கோயில் வட்டாரமான பங்குக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்தால் இன்னாசி அவர் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க மாட்டார். தோள் அளவை வைத்தே சொல்லிவிடுவார். "ஒரு தோளு எறங்கிக் கீது. மனுசன் நல்லவரு, ஆனா நீட்டி முழக்குவாரு." பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது.

சின்ன வயதில் அவர் பீடச் சிறுவன். அப்போது பூசை லத்தீனில். சாமியார் ஒன்று சொன்னால் பையன்கள் பதில் சொல்லவேண்டும். ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாது. வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியார் பிரம்பை வைத்துக்கொண்டு மனப்பாடம் பண்ணவைத்தார். "முட்டிலயே அடிப்பாரு நைனா. அழுதுக்கினே கத்துக்கினேன். எல்லாம் தப்பில்லாம வந்துச்சுன்னு வெச்சுக்கோ, அப்பால சொல்றாங்கோ, இனிமே தமிழ்ல பூசையாம்! எனக்கு வந்துச்சு பாரு கோவம்!" இன்றைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த லத்தீன் அவர் வாயில் ஓடும். பாபினில் நூல் தீர்ந்தால் பாதி வாக்கியத்தில் நிற்கும். நூல் மாற்றியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ராக்கினி அக்கா இந்த இடத்தில் விடமாட்டார். "அவங்க அப்பா கதைய ஏன் சொல்ல மாட்டாராம்? தமிழ்ப் பூசை ஆவாதுன்னு அந்த மனுசன் கோயில் வாசல்லயே நின்னாராம், உள்ள வராம. ஆர்மோனியம் வந்தப்ப, இன்னா இது கூத்துக் கொட்டாயான்னு கேட்டாராம். இப்ப இவரு ஆர்மோனியத்துக்குக் கொடி புடிக்கிறாரு!" இன்னாசி தலை நிமிராமல், "எங்க நைனா வேற, நான் வேற" என்பார். 

இன்னாசியை நான் முதலில் அறிந்தது டெய்லராக அல்ல. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தபசு காலத்தின் கடைசி இரண்டு வாரம் கோயிலில் இருக்கிற சுரூபங்களை, அதாவது சிலைகளை எல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவது பழைய வழக்கம். வாய்க்கு ஒருசந்தி நோன்பு இருப்பதுபோல் கண்ணுக்கும் ஒருசந்தி என்று என் அம்மா சொல்வார். மற்ற கோயில்களில் துணியைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். பார்சல் மாதிரி இருக்கும். எங்கள் கோயிலில் அப்படியில்லை. இன்னாசி கல்யாணமான வருடம், புதுப் பெண்டாட்டியை ஏணி பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு சுரூபத்துக்கும் அளவெடுத்து உறை தைத்தார். மாதாவுக்கு ஒன்று, சூசையப்பருக்கு ஒன்று, கையில் குழந்தை இருப்பதால் இடது பக்கம் தாராளமாக விட்டு அந்தோணியாருக்கு ஒன்று. செபஸ்தியார்தான் அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டாராம். "ஒடம்பு பூரா அம்பு. எங்க நைனா தையலு போடறது?"

அந்த உறைகளில் ஒரு சூட்சுமம் வைத்தார். பின்பக்கம் இடது ஓரத்தில் ஒரு முடிச்சு. அதை ஒரே இழுப்பு இழுத்தால் உறை மொத்தமும் பொலபொலவென்று கீழே விழும். ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கிற பாஸ்கா பூசையில், இருட்டாக இருந்த கோயிலில் திடீரென்று விளக்கெல்லாம் எரியும். மூன்று நாளாகக் கட்டிப்போட்ட மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும். அந்தச் சத்தத்தோடு சத்தமாக ஆளுக்கொரு முடிச்சை இழுப்பார்கள். மாதாவின் முடிச்சு எப்போதும் ராக்கினி அக்காவுக்குத்தான். நான் அப்போது அரைக்கால் சட்டைப் பையன். துணி விழுந்ததும் தெரிகிற மாதா முகம், ஊருக்குப் போய்விட்டு வந்த அம்மா முகம் மாதிரி இருக்கும்.  

ஒரு வருடம் மெழுகுவத்தி சாய்ந்து மாதாவின் உறையில் உள்ளங்கை அகலத்துக்குப் பொசுங்கிவிட்டது. ஊதா நூல் தீர்ந்துபோயிருந்தது. ராக்கினி அக்கா பச்சை நூலிலேயே ஒட்டுப் போட்டார். இன்னாசி குதித்தாராம். "மாதா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்கோ, நீ சொம்மா இரு" என்று அந்த அம்மாள் அடக்கிவிட்டார். பச்சை ஒட்டு அப்படியே நின்றது.

மூன்று வருடங்களுக்கு முன்பு இப்போதைய சாமியார் வந்தார். இளையவர், ஓடியாடி வேலை செய்கிறவர். பட்டினப்பாக்கம் குப்பத்தில் யாருக்காவது முடியவில்லை என்றால் முதலில் போய் நிற்பவர். அவர் இந்த ஊதாத் துணியை நிறுத்திவிட்டார். "ஜெபிக்க வர்றவங்ககிட்டேர்ந்து புனிதர்களை ஏன் மறைக்கணும்?" என்றார். பீடத்தின் பக்கத்தில் பெரிய திரை வந்தது; பாட்டுகள் அதில் ஓடின. கீபோர்டு வந்தது. ட்ரம்ஸ் வந்தது. கையைத் தூக்கி, கண்ணை மூடி, தட்டிப் பாடுகிற கூட்டம் வந்தது. திருப்பலி என்று அவர்கள் சொல்லும் எட்டு மணிப் பூசைக்கு வெளியே நாற்காலி போடவேண்டியதாயிற்று. விடியற்காலைப் பூசையில் ஆர்மோனியமும் இன்னாசி வகையறாவும் மட்டும் மிஞ்சினார்கள். பங்கே இரண்டாகப் பிரிந்தது. பூசைக்காரர்கள், ஆராதனைக்காரர்கள். வாட்ஸப்பில்கூட 'சூசையப்பர் பங்கு' என்று ஒரு குழுவும், 'சூசையப்பர் பங்கு ஒரிஜினல்' என்று இன்னொரு குழுவும் உண்டு. நான் இரண்டிலும் இருக்கிறேன். இரண்டிலும் திட்டு வாங்குகிறேன்.

இன்னாசி உறைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்தார். தபசு காலம் வந்தால் மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டு, மடித்து, மறுபடியும் உள்ளே வைப்பார். "கூப்டுவாங்கோ நைனா. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு கூப்டுவாங்கோ."

இதிலே வேடிக்கை என்னவென்றால், ராக்கினி அக்கா இப்போது ஆராதனைக்காரர். முன்வரிசையில் நின்று பாடுகிறவர். அவர் கட்சி மாறியதற்குக் காரணம் இருக்கிறது. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த காலத்தில் அந்தக் கூட்டத்துப் பெண்கள் தினம் வந்தார்கள். கஞ்சி வைத்தார்கள், தலை வாரிவிட்டார்கள், கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். "இவரோட பூசைக்கார கோஷ்டில ஒருத்தரு எட்டிப் பாத்தாரா கேளுங்கோ. லத்தீன் தெரிஞ்சு இன்னா பிரயோசனம்? ஒரு வாய் தண்ணி குடுக்கத் தெரியல" என்று அவர் கேட்டபோது, இன்னாசிக்கு மட்டுமில்லை, எனக்கும் தலை குனிந்தது.

ஆனால் அவருடைய உண்மையான குறை வேறு. ஒருநாள் சட்டைக்குப் பட்டன் கட்டிக்கொண்டே சொன்னார். "நாப்பது வருசமா இதே ரூமுல மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கினு கீறோம் சார். கோயில்ல மட்டும் இவரு ஆம்பள பக்கம், நான் பொம்பள பக்கம். கண்ணாலத்தன்னிக்கு ஒருக்கா பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். அத்தோட சரி. அங்க பாத்தா குடும்பம் குடும்பமா உக்காந்துக்கினு பாடுது. இவரு கைதட்ட வோணாம், ஆட வோணாம். பக்கத்துல உக்காந்தா போதும். அது கூடவா பாவம்?"

இன்னாசி மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். காதில் விழுந்தது, சந்தேகமே இல்லை. தையல் கோணிப்போய், அதைப் பிரித்து மறுபடி போட்டார்.

இந்த வருடம் தபசு காலத்துத் தொடக்கத்தில் சாமியார் அறிவிப்புச் செய்தார். விடியற்காலைப் பூசைக்கு ஆள் குறைந்துவிட்டது. தனி ஒருவராக அத்தனை பூசை வைக்க அவராலும் முடியவில்லை. ஆகையால் பாஸ்கா பூசை தொடங்கி எல்லாருக்கும் ஒரே திருப்பலி, ஒரே பாட்டுக்குழு. இன்னாசி அன்றைக்குக் கடைக்கு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். பிறகு, "ஈஸ்டர்லேர்ந்து நான் அந்தக் கோயிலுக்கு வரல. வேற கோயில் பாத்துக்கறேன்" என்றார். அவர் ஞானஸ்நானம் வாங்கியது அந்தக் கோயிலில். கல்யாணம் பண்ணியது அங்கே. அவர் அப்பாவை அடக்கத்துக்கு எடுத்ததும் அங்கிருந்துதான்.

"போறதுன்னா போ. நான் வரமாட்டேன்" என்றார் ராக்கினி அக்கா.

அதோடு பேச்சு நின்றது. ஒரே அறை, எதிரெதிர் மிஷின், நடுவில் வாடிக்கையாளர்தான் தபால்காரர். "நைனா, கத்திரி எங்க வெச்சாங்கோன்னு அந்தம்மாவ கேளு." "சார், அவரு கண்ணு முன்னாலதான் கீதுன்னு சொல்லுங்கோ." பக்கத்துக் கடையில் நூலும் லைனிங்கும் விற்கிற ஜைதூன் பீ என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "எங்க பள்ளிவாசல்ல ஏசி வெக்கறதுக்கு இதே மாதிரி ரெண்டு கட்சி. ஆனா எங்க ஊட்டு ஆளு சோறு வேணும்னா என்கிட்டதான் கேட்டாரு. இங்க அதுவும் இல்லே."

அந்த நிலையில்தான் ராக்கினி அக்கா என் வழியாக ஒரு விண்ணப்பம் போட்டார். கடற்காற்றில் ட்ரம்ஸின் தட்டெல்லாம் துருப்பிடிக்கிறது. ஓர் உறை தைத்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். நான் திரும்பிச் சொல்லுமுன் இன்னாசியே பதில் சொன்னார். "சாமியாருக்குத் தைப்பேன். சுரூபத்துக்குத் தைப்பேன். தகர டப்பாவுக்குத் தைக்க மாட்டேன்னு சொல்லு." நான் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ராக்கினி அக்கா குனிந்து பல்லால் நூலைக் கடித்தார்.

பெரிய வியாழன் வந்தது. அன்றைய பூசையில் மணி கடைசியாக ஒருமுறை அடித்து ஓய்ந்தால், பிறகு பாஸ்காவில்தான் அடிக்கும். அதுவரை வாத்தியமும் கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் சாமியாரும் இன்னாசியும் ஒரே கட்சி. பூசை முடிந்து பீடத்து விரிப்புகளைக்கூட எடுத்துவிட்டார்கள். கோயில் வெறிச்சென்று ஆனது.

மறுநாள் பெரிய வெள்ளி. மூன்று மணிச் சடங்குக்கு நான் போனபோது உள்ளே களேபரம். பீடத்துப் பக்கவாட்டில் இருந்த ட்ரம்ஸ் முழுவதும் ஊதாத் துணியால் மூடியிருந்தது. சுற்றிப் போட்ட துணியில்லை. பெரிய ட்ரம்முக்கு வளைவு, தட்டுகளுக்குக் கூம்பு, ஓரமெல்லாம் மடித்துத் தைத்து, சுருக்கம் ஒன்றில்லாமல். எவர் கை என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

பூசைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பக்தி தளும்பவேண்டிய நேரத்தில் அந்தக் கட்சியைச் சேர்ந்த தங்கம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "பொணத்துக்குக் கோடி போத்துனாப்புல அம்சமா கீது!" என்றார். ட்ரம்ஸ் வாசிக்கிற ராகேஷ், அசோக் நகரிலிருந்து போன வருடம்தான் இந்தப் பக்கம் குடிவந்தவன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை முடிந்து நேரே பயிற்சிக்கு வருகிறவன். அவன் முகம் சிவந்துவிட்டது. "இந்த வாரம் பூரா அங்கிள் ட்ரம்ஸ் பக்கத்துலயே வந்து வந்து நின்னாரு. ஒருவேளை பிடிச்சுப்போச்சோன்னு நெனச்சேன். இதுக்கு எங்க மூஞ்சியிலயே துப்பியிருக்கலாம்." இரண்டு பேர் துணியைப் பிடுங்கப் போனார்கள். சாமியார், "இன்னிக்கு என்ன நாள்? சத்தம் போடாதீங்க" என்று கையமர்த்தினார். இன்னாசி மூன்றாவது பெஞ்சில், ஓரத்தில், பீடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.  

ராக்கினி அக்கா வேகமாக வந்தார். அவமானத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. உறையை ஒரு கையால் கொத்தாகப் பிடித்தார். இழுக்கப்போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை நூல் ஒட்டு.

துணியை மெல்லத் திருப்பிப் பார்த்தார். நடுவில் மாதா உறை. இரண்டு பக்கமும் சூசையப்பர் உறையைப் பிரித்துச் சேர்த்திருந்தார். மேலே அந்தோணியார். எல்லாவற்றையும் வெட்டியாகிவிட்டது. இனி யார் கூப்பிட்டாலும் சுரூபங்களுக்குப் போட உறை இல்லை. மூன்று வருடம் அந்துருண்டை போட்டுக் காத்ததை, தபசு காலம் தோறும் வெயிலில் போட்டு எடுத்ததை, கத்தரியால் வெட்டி அந்த மனிதர் ட்ரம்ஸுக்குத் தைத்திருக்கிறார். ராக்கினி அக்கா திரும்பி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். இன்னாசி இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் கை வெக்காதீங்கோ" என்றார் ராக்கினி அக்கா.  "டேய் ராகேஷு, இது கேலி இல்லடா. மாதாவ மூடுன துணிடா இது. ஊதாத் துணிய வேண்டாததுமேல போட மாட்டாங்கோ. திரும்பத் தொறக்கப் போறதுமேலதான் போடுவாங்கோ. நாளைக்கு நானே எடுக்கறேன்." தங்கம் அக்கா பொத்தின வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சடங்கு முடிந்து இன்னாசியை வாசலில் பிடித்தேன். ஏன் தைத்தீர்கள் என்றேன். "உப்புக் காத்துன்னாங்கோ. தைச்சேன்." சரி, ஊதாவில் எதற்கு என்றேன். "கடையில வேற துணி இல்ல நைனா." வாயைத் திறந்தால் பொய்! வெள்ளையும் காக்கியும் கடையில் கூரை முட்ட அடுக்கியிருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு லைட் ஹவுஸ் பக்கமாக நடந்து போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் இருட்டினதும் பாஸ்கா பூசை. ஒரே பூசை, ஒரே பாட்டுக்குழு, இனிமேல் இப்படித்தான். 'ஈஸ்டர்லேர்ந்து வரல' என்று சொன்னவருக்கு அந்தப் பூசை தபசு காலத்தில் சேர்த்தியா, ஈஸ்டரில் சேர்த்தியா, இன்னாசி வருவாரா மாட்டாரா என்று பங்கில் பந்தயம் கட்டாத குறை. வாசலில் நெருப்பு மூட்டி, பெரிய மெழுகுவத்தி ஏற்றி, ஆளுக்கொரு சின்ன மெழுகுவத்தியோடு உள்ளே போனோம். கோயில் நிரம்பிவிட்டது. சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள். மூன்றாவது பெஞ்சின் ஓரத்து இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. உட்காரத் தைரியம் வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும். பாட்டுக்குழுவில் நின்ற ராக்கினி அக்காவின் கண் அந்த இடத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் வாசகம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.  வாங்களேன் ஐயா, ஒரு நாளாவது உங்கள் வீம்பை மூட்டை கட்டி வைக்கக் கூடாதா என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இருட்டுக்குள் பின்னால், 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

முன் பெஞ்சில் யாரோ முணுமுணுத்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ராக்கினி அக்காவின் கண் வாசலை விட்டு, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தவரிடம் நின்றது.

அப்புறம் அந்த நேரம் வந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. கோயிலில் மூடியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ராக்கினி அக்கா அதன் பின்பக்கம் போனார். தேடவே இல்லை; கை தானாக இடது ஓரத்து முடிச்சுக்குப் போயிற்று. ஒரே இழுப்பு. ஊதாத் துணி பொலபொலவென்று விழ, தட்டுகள் பளபளத்தன. ராகேஷ் குச்சியை எடுத்தான். கூரை அதிர்ந்தது. அரைக்கால் சட்டைப் பையனாக நின்ற அந்த நாள் எனக்குள் எழுந்து வந்துவிட்டது. நான் அழுதேன். தங்கம் அக்காவும் அழுதார், ட்ரம்ஸைத் திட்டிக்கொண்டே.

பாட்டு நடந்துகொண்டிருந்தபோதே ராக்கினி அக்கா அந்தத் துணியைச் சேர்த்து எடுத்து, பச்சை ஒட்டு மேலே வரும்படி மடித்து, கையில் போட்டுக்கொண்டார். பாட்டுக்குழுவுக்குத் திரும்பவில்லை. நடைபாதையில் இறங்கி வந்து, ஆண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார்.  

இன்னாசி நிமிர்ந்து பார்த்தார். மடியிலிருந்த சதுரத் துணியை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உள்ளே நகர்ந்தார். காலியான ஓரத்து இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார்.